இருநூற்று ஐம்பத்தைந்து

கணவாய்க்கு இந்தப் பக்கம் அது நல்ல கார்தான்.
பிஷ்கெக்கில் கிளம்பும்போது
தாலாயின் பழைய ஆடி நூறு
சொன்ன பேச்சுக் கேட்கும்.
மூவாயிரம் மீட்டரில் மூச்சு முட்டும்,
கறுப்பாய்ப் புகை கக்கும்.
பின்சீட்டில் அவரை மூட்டையை அணைத்தபடி இருப்பவர்
இறங்கித் தள்ளவா என்று கேட்பார்,
கேலியாகத்தான்,
ஆனாலும் கேட்பார்.

மேலே காற்று மெலிந்துவிட்டதை
அதற்கு யாரும் சொல்லவில்லை.
முப்பது வருடம் முன்பு, மலையில்லாத ஓர் ஊரில்
எவரோ எழுதிய அட்டவணையை
வேதவாக்காய் நம்பி
முக்கால் காற்றுக்கு முழுப் பெட்ரோல் ஊற்றுகிறது.

மாற்றித் தர மெக்கானிக் கேட்டது பதினெட்டாயிரம் சோம்.
நான் பால் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
பதினாறு வரிசை, வரிசைக்குப் பதினாறு கட்டம்,
கட்டத்துக்கு ஓர் எண், அவ்வளவுதானே.
இதைவிடக் கோணலான பட்டியல்களை
மாதக் கடைசியில் நிமிர்த்தியிருக்கிறேன்.

தொர்தோய் சந்தையில் சிப் எழுதும் கருவி, தொள்ளாயிரம்.
பழைய சிப் இரண்டு, எதிலிருந்து பிடுங்கியதோ,
அறுபது அறுபது.
மடிக்கணினி இருந்தது. அதில் எஃப் விழாது.
பதினாறின் கணக்கு எஃப் இல்லாமல் நடக்காது,
தனி விசைப்பலகைக்கு இருநூறு.
அழிக்கும் விளக்கு மட்டும் வாங்கவில்லை,
மெதேருக்குத் தொண்டை கட்டினால்
வாயில் குழாய் வைத்துக் காட்டும் நீல விளக்கு
வீட்டிலேயே இருந்தது.

சிப்பின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல்.
பிஸ்கட் டப்பாவில் படுக்கவைத்து
மேலே விளக்கைக் கவிழ்த்தேன். இருபது நிமிடம்.
சமையலறை முழுக்க இடி விழுந்த வாசனை.
அதற்குத் தெரிந்ததெல்லாம் போயிற்று என்று
படித்துப் பார்த்தால்
பூச்சியம் இல்லை.
கட்டத்துக்குக் கட்டம் இருநூற்று ஐம்பத்தைந்து.
மறந்தால் காலியாகும் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இது மறக்க மறக்க நிரம்புகிறது.
எழுதுவது, அதிலிருந்து கிள்ளி எடுப்பது.

முதல் முறை சொஸ்னோவ்காவில் நின்றுவிட்டது.
கணவாயின் அடிவாரம், பனித்தூறல்,
நான்கு பயணிகள், உயிரோடு ஒரு வாத்து.
"ஜிபார், உயிரே இல்ல," என்றான் ஃபோனில்.
வாத்துக்கா என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
கடைசிக் கட்டத்தில்
எல்லா எண்களின் கூட்டுத்தொகை இருக்கிறதாம்,
பொருந்தாவிட்டால் வண்டி வாய் திறக்காதாம்.
பதினோரு வருடம் கணக்கெழுதியவள்
மொத்தம் போட மறந்திருக்கிறேன்.
நல்லவேளை, தீப்பெட்டியில் பழைய சிப்பைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.
கையுறையைக் கழற்றி, ஃபோன் வெளிச்சத்தில்,
ஒரு கால் வளைய வளையச் செருகினான்.
வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை.

மறுபடி அழிக்க உட்கார்ந்த இரவு
மெதேருக்குக் காய்ச்சல்.
விளக்கு ஒன்று, வரிசையில் இருவர்.
வாயைத் திறந்துகொண்டு டப்பாவையே பார்த்தான்.
"எனக்கும் எல்லாம் அழிஞ்சிடுமா?"
உனக்கு இரண்டு நிமிடம்தான்,
வாய்ப்பாடு அப்படியே இருக்கும் என்றேன்.
முகம் வாடிவிட்டது.

இப்போது இரண்டு சிப்.
மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று;
ஒன்றையே இரண்டு இடத்திலும் ஓட்டினால்
எஞ்சின் கீழே பல்லைக் கடிக்கிறது.
ஜன்னலில் வெளிச்சம் படக்கூடாது.
மலையின் ஜன்னலுக்கு என் சிவப்பு நகப்பூச்சு,
சமவெளிக்கு ஆப்பிள் பழத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்.
சொஸ்னோவ்காவில் பயணிகள் தேநீர் குடித்து முடிப்பதற்குள்
தாலாய் மாற்றிவிடுகிறான்.

அவரைக்காரர் நேற்றும் வந்தாராம்.
சுரங்கப்பாதை வாசலில்
பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாராம்.
மலை தெரிந்ததாம்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாராம்.
தலாஸில் இறங்கும்போது
கட்டணத்தில் ஐம்பது சோம் குறைத்துக் கொடுத்தார்.
பெட்ரோல்தான் மிச்சமாகிறதே, அதனால்.