காயப்பட்ட வருசம்

பரந்தன் சந்தியில் பஸ் ஏறுகையில்
கக்கத்தில் கை கொடுத்த கண்டக்டர் பெடியன் கேட்டான்:
"என்னண்ணை, ஷெல்லோ?"
ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.
முன் சீட்டிலிருந்தவர் எழும்பி இடம் தந்தார்.
கிளிநொச்சி வரும்வரைக்கும்
அந்த இடத்தில் களவாக இருந்தேன்.

ஷெல் இல்லை.
ஷெல்லுக்குள்ளால் கீறல் படாமல் வந்தவன் நான்.
தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன்,
ஒவ்வொரு பங்கரிலும் யாரோ ஒருவர் தங்கிப்போக
நான் எழும்பி நடந்தேன்.
"இவனைச் சாவுக்குக் கண் தெரியாது" என்று
முகாமில் பகிடி விட்டார்கள்.

எனக்கு நடந்தது முரசுமோட்டை நெல் ஆலையில்.
எட்டு வருசம் கழித்து,
ஒரு செவ்வாய்க்கிழமை, பத்துமணித் தேத்தண்ணிக்கு முன்.
அடுக்கு சரிந்தது.
மூன்று மூட்டை என்கிறார்கள்,
எனக்கு முதலாவதை மட்டும்தான் தெரியும்:
எழுபது கிலோ, சாக்கில் நீல எழுத்து.
சத்தமே இல்லை.
சத்தம் கேட்டால் குப்புறப் படுக்கப் பழகின உடம்பு
சத்தமில்லாததுக்கு என்ன செய்யும்?

விடிய நாலு மணிக்கு நோவு எழும்பும்.
ஆலைக்குப் போக நான் எழும்பின நேரம்.
என்னைத்தான் நிற்பாட்டினார்கள்,
அதுக்கு ஒருவரும் சொல்லவில்லை.
நாரியில் தொடங்கி இடது கால் சுண்டுவிரல் மட்டும்
ஒரு கம்பி.
சில நாள் சூடு, சில நாள் கரண்ட்,
சில நாள் ஒன்றுமில்லை, அந்த நாள்தான் பயம்.
மழைக்கு முதல்நாள் எனக்குத் தெரிந்துவிடும்.
பசளை எறிய முன் பக்கத்து வயல் குலநாயகம்
வேலியில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.
இப்போதைக்கு அதுதான் உத்தியோகம்.

என் மோட்டார்சைக்கிளைத் தவநிதி ஓடுகிறாள்.
ஒழுங்கை முடியும்வரை முதலாம் கியரிலேயே கத்தும்.
கட்டிலில் கிடந்தபடி
என் இடது கால் இரண்டாம் கியரைப் போடப் பார்க்கும்,
கம்பி சுண்டும்.
கிணற்றடியில் அவள்தான் அள்ளி ஊற்றுகிறாள்.
சாரத்தை நானே பிழிவேன் என்று ஒருநாள் பறித்தேன்.
பிறகு இரண்டு நாள் எழும்பவில்லை.
ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

கால் நகம் எனக்கு எட்டாது.
பள்ளிக்கூடத்தால் வந்து யதுசா வெட்டுகிறாள்,
நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு.
விரலுக்குப் பத்து ரூபா.
கொப்பியின் கடைசித் தாளில் கணக்கு நிற்கிறது:
அப்பா, எண்ணூற்றுப் பத்து.

முதலாளி ஒருமுறை வந்தார்.
ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார்.
அதே சாக்கு, அதே நீல எழுத்து.
ட்ரைவருக்குக் கை ஏலாதாம்,
தவநிதி முதுகைக் கொடுத்தாள்.
நான் கட்டிலில் கிடந்து கத்தினேன்:
"முழங்காலை மடி! நாரியாலை தூக்காதை!
நாரியாலை தூக்காதையடி!"
முதலாளி பனடோல் கார்டை மேசையில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடினார்.

கச்சேரியில் படிவம் நிரப்பிய பிள்ளைக்கு
இருபத்தைந்து வயது இருக்கும்.
யுத்தம், விபத்து, பிறவி என்று மூன்று பெட்டி.
பேனையை முதலாவதில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்:
"காயப்பட்டது இரண்டாயிரத்து ஒன்பதுதானே ஐயா?"
ஓம் என்றால் முடிந்துவிடும் என்று
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
மாத்தளனில் தங்கிப்போனவர்களின் முகங்கள்
வரிசையில் எனக்குப் பின்னால் நின்றன.

"இல்லைப் பிள்ளை. நெல்லு."

அவள் விளங்காமல் நிமிர்ந்தாள்.
வேலை என்றொரு பெட்டி கிடையாது.
விபத்துக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில்,
நெல் மூட்டை என்று எழுதினாள்.
இடம் காணாமல்
கடைசி எழுத்து கீழே சரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கரடிப்போக்கு மட்டும்
ஏலுமாய் இருந்தது.