அமைச்சரின் வாயில் ஒரு ஜன்னல்

ஜூனில் வெள்ளையடித்தோம், நானும் மிம்மோவும்,
கடன் வாங்கிய ஏணியில் மாற்றி மாற்றி ஏறி.
நாலு மாடிக் கட்டடத்தின் அந்தப் பக்கம்
ஒரே ஒரு ஜன்னல், மூன்றாம் மாடியில்.
அதை விட்டுச் சுற்றிலும் அடித்தோம்.

ஆகஸ்டில் சுவர் இளஞ்சிவப்பு.
சுண்ணாம்பில் யாரும் சாயம் கலக்கவில்லை.
தாரந்தோவில் வாடை வீசினால்
இரும்பாலையின் தூள் வீட்டுக்குள் குடிவரும்,
வாடகை கேட்க முடியாத குடித்தனம்.
அன்று பிள்ளைகளை வெளியே விடமாட்டோம்,
துணியை உள்ளேயே உலர்த்துவோம்.

இன்னொரு கை அடிக்க நேரமில்லை, படம் இன்றிரவு.
ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில்
எழுதி ஒட்டியிருந்தோம்:
படம் இலவசம். நாற்காலி உங்களுடையது.

வந்தார்கள்.
சமையலறை நாற்காலி, கடற்கரை நாற்காலி,
முடிதிருத்தும் கடையிலிருந்து
மூன்று பேர் தூக்கி வந்த சுழல் நாற்காலி.
உம்பெர்த்தாவுக்கு மட்டும் தூக்கும் வேலையில்லை,
அவள் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது.
அதை அவளே சொல்லிச் சிரித்தாள்.

படத்தில் ஒரு மருத்துவர்
குழந்தைகளின் ரத்தத்தைப் பற்றிப் பேசினார்.
எண்கள் சுவரில் நின்றன.
பின்வரிசையில் யாரோ
அவற்றை வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார்.
அடுத்து ஒரு பழைய அமைச்சர், புது உலையின் திறப்பு விழா.
அவரது வெள்ளைச் சட்டை எங்கள் சுவரில் ரோஜா நிறம்.
அதற்கும் சிரித்தோம்.

பத்தே காலுக்கு இரவு ஷிப்டுக்காரர்கள் எழுந்தார்கள்.
நாற்காலிகள் மடங்கும் சத்தம்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
பார்க்காமலிருப்பதும் ஒரு மரியாதை.
உம்பெர்த்தாவின் மகன் ஒளியை மறைக்காமல் குனிந்துதான் போனான்.
அப்படியும் அவன் தலை
ஒரு நொடி
உலையின் வாயில் கறுப்பாக நகர்ந்தது.

“இந்த ஆலை இருக்கும்வரை
இந்த ஊரில் ஒருவர்கூட...” என்று
அமைச்சர் வாயைத் திறந்தார்.
மூன்றாம் மாடி ஜன்னலும் திறந்தது.

அதே இடம்.
இரண்டு உதடுகளுக்கு நடுவே மஞ்சள் விளக்கு,
விளக்கில் அத்தொலோராத்தா, தோளில் துண்டு.
கயிற்றில் கூடையை இறக்கினாள்.
அது அமைச்சரின் முகவாயைக் கடந்து
கழுத்துப்பட்டையைக் கடந்து
கத்தரிக்கோல் காத்திருந்த ரிப்பனைக் கடந்து
என் தலைக்கு மேலே வந்து ஆடியது.
உள்ளே ஒரு சீட்டு:
சத்தத்தைக் குறை. கத்தால்தோ இப்போதுதான் கண்ணயர்ந்தான்.
சீட்டின் மேல் இரண்டு பீச் பழங்கள். லஞ்சம்.

குறைத்தேன், பூஜ்யம் வரை.

அமைச்சர் ஊமையாக வாயசைத்தார்.
அப்போதுதான் கேட்டது,
திறந்த ஜன்னல் வழியே
புஸ்... டக். புஸ்... டக்.
கோக் அடுப்பில் இருபத்தாறு வருஷம் நின்றவனுக்கு
மூச்சை அளந்து ஊற்றும் இயந்திரம்.

ஒருவரும் எழுந்து போகவில்லை.
இருமல் வந்தவர்கள் மட்டும்
தெருமுனைவரை நடந்துபோய்
இருமிவிட்டுத் திரும்பி வந்து
அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“முக்கியமான பகுதி இனிமேல்தான்” என்றான் மிம்மோ காதருகே,
“மருத்துவர் சொல்வது யாருக்கும் கேட்காதே.”
நான் பழத்தைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன்.
இங்கே எதையும் இரண்டு தடவை கழுவித்தான் தின்போம்.

படம் முடிந்தது.
வெறுங்கூடை அனுப்புவது முறையில்லை.
நகராட்சிக்கான மனுவையும் பேனாவையும் வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
தூங்குகிறவன் வீட்டுக்கு மனுவா?
பிறகு மறுபடி வைத்தேன்,
மேலே உம்பெர்த்தா தந்த எலுமிச்சம்பழத்தைப் பாரமாக.

கயிற்றை இரண்டு முறை இழுத்தேன்.
சுவரில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன,
ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, நன்றி.
அவற்றுக்கிடையே கூடையும் ஏறியது,
லேசாக ஆடியபடி,
பெயர்களைவிடக் கொஞ்சம் வேகமாக.