டெலிவரி முகவரி

ஏழு வருடம் இந்தக் கடை எனக்கு
ஒரு பழுப்பு உறை மட்டும்தான்.
தூத்துக்குடியில் மாதத்தின் முதல் வாரம்
நான் அலுவலகத்தில் இருக்கும் நேரமாய்ப் பார்த்து
வந்து சேரும் அரைக் கிலோ.
கீழ்வீட்டு பெர்னதெத் அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி
மீன் வாடை படாத இடமென்று
மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

உறையின் அடியில் நீலப் பேனாவில்
வறுத்த தேதி.
அதற்குக் கீழே
சேர்வராயன்.

மலையைச் சொல்கிறார்கள் என்றிருந்தேன்.

இப்போது சேலத்துக்கு மாற்றல்.
வாடகை வீடு அழகாபுரத்தில்.
பால் காய்ச்சி, கேஸ் இணைப்பு மாற்றி,
எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று
இன்னும் பிடிபடாத மூன்றாம் நாள்
நடந்தே வந்துவிட்டேன்.
முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
லாரியில் குலுங்கி வந்த வாசனைக்கு
இனி இரண்டு திருப்பம், ஒரு தையல்கடை,
குறுக்கே தூங்கும் ஒரு நாய்.

மனதில் நான் கட்டியிருந்த கடைக்கு
ஓட்டுக் கூரை, மூடுபனி,
ஜன்னலில் ஏறும் மிளகுக்கொடி.
இதற்கு
மாடியில் பல் ஆஸ்பத்திரி.
நாலு மேசை. ஒன்றின் காலுக்கடியில்
மடித்துச் செருகிய கல்யாணப் பத்திரிகை.
மூலையில் வறுக்கும் இயந்திரம்
சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தின் தம்பி மாதிரி
உருண்டுகொண்டிருக்கிறது.
மலை இல்லாமல் இல்லை.
தெருக்கோடியில், கேபிள் வயர்களுக்குப் பின்னால்
யாரோ காயப்போட்டு எடுக்க மறந்த போர்வையாக.

ஃபில்டர் காபி ஒன்று.
வந்தது.
குடித்தேன்.

இது அது இல்லை.

மோசமில்லை. நல்ல காபி.
யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.
நாக்குதான்
சொந்தக்காரர் காலிசெய்துவிட்டுப் போன வீட்டின்
கதவைத் தட்டியது போல நின்றது.

பில் போடும் பெண் கைபேசி எண் கேட்டாள்.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி திரையை.
"அண்ணே, தூத்துக்குடி வந்திருக்காங்க!"

இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.
முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு.
சட்டைப் பையில் நீலப் பேனா.
"நாந்தாங்க சேர்வராயன்."

மலை
என் முன்னால் நின்று
துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தது.

"உங்கள ஒரு ரிட்டயர்டு வாத்தியார்னு நெனச்சிருந்தோங்க.
மாசம் தவறாது, அளவு மாறாது,
சிக்கரி வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் எழுதுவீங்க."
"கண்ணாடிகூட மாட்டி வச்சிருந்தோம்" என்றாள் அவள்.
நானும் உங்களை, என்று தொடங்கி
சிரித்து மழுப்பினேன்.

காபி எப்படி என்றார்.
பொய் வர ஒரு கணம் தாமதம்.
பிடித்துக்கொண்டார்.
"தண்ணிங்க. அங்க உப்பு, இங்க காவேரி.
கொட்டை அதேதான்."

குளிக்கும்போதெல்லாம் நான் திட்டிய
அந்தப் போர் தண்ணீர்
பாதி மலையாக இருந்திருக்கிறது.

"இனிமே கொரியர் காசு மிச்சம்.
பழைய அட்ரஸ எடுத்துரட்டுங்களா?"
அவள் விரல் பொத்தான்மேல்.

மாதா படத்துக்குப் பக்கத்தில்
அரைக் கிலோ அகலத்துக்கு வெற்றிடம்
இங்கிருந்தே தெரிந்தது.
அக்கா டீதான் குடிப்பார்.
ஒன் பார்சல் வந்தா வீடே மணக்கு, என்பார்.
ஒரு வாய் கேட்டதில்லை.
நான் கொடுத்ததில்லை.

இருக்கட்டும் என்றேன்.
கால் கிலோ. பெயரை மட்டும் மாற்றுங்கள்.
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
அவர் பேனாவை எடுத்தார்.
"சிக்கரி?"

அதை நான் எப்படிச் சொல்ல?
போனோடு வெளியே வந்தேன்.
மாடியில் யாரோ கொப்பளித்துத் துப்பினார்கள்.
தூரத்தில், வளைவில், ஒரு வண்டியின் விளக்கு
தோன்றி மறைந்தது.
ஐந்தாவது மணியில் எடுத்த அக்கா
நான் வாய் திறக்குமுன் சொன்னார்:
"ஏட்டி, ஒனக்குப் பார்சல் ஒண்ணும் வரலையே."