பதினைந்து கை, அறுபத்தைந்து எடை

ராட்டர்டாமிலிருந்து திரும்பிவிட்டது
எங்கள் முருங்கையிலைப் பொடி.
நானூறு மூட்டை. கப்பலூர் சிட்கோ, மூன்றாவது தெரு,
தகரக் கொட்டகை வாசலில் லாரி நிற்கிறது.
கூட வந்த தாளில் ஒரே ஓர் எண்:
கிலோவுக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
அனுமதி, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று.

அதாவது, என்றேன் தரக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து,
நூறு கிலோவில் ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கலாம்,
மூன்று இருந்தால் ஆகாது.
"யாரு சொன்னது?" என்றாள் ஒச்சம்மா.

யார் சொன்னது.
மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.
ஆணையம் என்று ஒன்று.
சட்டத்தின் முதல் வரியை எழுத
அதற்கு மட்டுமே பேனா.
பாராளுமன்றம் ஒன்று.
மாதத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டிக்கொண்டு
இன்னொரு ஊருக்குப் போய்க் கூடிவிட்டு வரும்.
அமைச்சர்கள் கூடும் மன்றம் வேறு.
லக்சம்பர்கில் நீதிமன்றம்:
அந்த வரிக்கு என்ன அர்த்தமென்று அது சொன்னால் அதுதான் அர்த்தம்.
நம்ம எண்ணை ஆணையம் எழுதியது,
நாடுகளின் ஆட்கள் ஒரு கமிட்டியில் கை தூக்கினார்கள்.
பாராளுமன்றம் மறுத்திருக்கலாம்.
மறுக்கவில்லை.

"கை தூக்குனது எத்தனை பேரு?"
இருபத்தேழு நாட்டில் பதினைந்து போதும், என்றேன்,
ஆனால் அந்தப் பதினைந்திலும் சேர்த்து
நூற்றுக்கு அறுபத்தைந்து சனம் இருக்கணும்.
ஜெசிந்தா எண்ணினாள்.
பொட்டலம் கட்டுகிற நாங்களும் இருபத்தேழு பேர்.

அப்புறம் யாருக்கும் வேலை ஓடவில்லை.
சித்திரை வெயிலில் தகரம் கொதிக்கிறது,
எட்டு மணி ஷிஃப்ட்டை ஏழுக்கு மாற்றணும்:
வருஷாவருஷம் வருகிற பேச்சு.
சரி, அந்த ஊர் முறைப்படியே பார்ப்போம்.
சனத்துக்குப் பதில் எடை;
போன மாதம் அவரவர் கட்டிய கிலோ.

ஏழு மணிக்குப் பதினேழு கை.
விசில்கூட அடித்தாள் பரக்கத் நிஷா.
நான் பதிவேட்டைக் கூட்டினேன், மறுபடி கூட்டினேன்.
பதினேழு பேரும் கட்டியது ஐம்பத்தெட்டு.
உசிலம்பட்டி பஸ்ஸில் வருகிற பத்துப் பேர்,
ஏழே முக்காலுக்கு முன்னால் வரவே முடியாத
வேகக்கைக்காரிகள் பத்துப் பேர்,
அவர்கள் கட்டியது நாற்பத்திரண்டு.
தோற்றது.

"பதினேழு பேரு கை தூக்கியும் தோக்குமா?"
தோற்கும். தகுதிப் பெரும்பான்மை என்று பெயர்.
"தகுதி யாருக்கு, ஆளுக்கா மூட்டைக்கா?"
எனக்குத் தெரியவில்லை. மொக்கத்தாய் சொன்னாள்:
"பஸ்ஸு நேரம் மாறாம நீங்க எதைத் தூக்கி என்ன?"

திரும்ப எழுதிவர முதலாளியிடம் போனோம்,
எங்கள் ஆணையம் அவர்தானே.
ஏழே முக்கால், என்று எழுதிக் கொடுத்தார்.
பத்துப் பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.
கால்மணி நேர நிழல்.
அதற்கு இவ்வளவு கணக்கு.

சாயங்காலம் மறுபடி திரையைத் திறந்தேன்.
அடுத்த வரைவுக்குக் கருத்துச் சொல்ல
நாலு வாரம் திறந்திருக்குமாம் ஒரு சன்னல்,
எந்த நாட்டாரும் எழுதலாமாம்.
மொழியைத் தேர்ந்தெடு என்றது.
பல்கேரியன் தொடங்கி இருபத்துநாலு.
மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்,
விட்டுப் போயிருக்குமோ என்று.

தெரிந்த இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன்.
என்ன எழுத என்று கேட்டேன் அவர்களை.
"மருந்து நம்ம அடிக்கலன்னு எழுது" என்றாள் விருமாயி.
"பக்கத்துப் புஞ்சை பருத்திக்கு அடிச்சான்.
காத்து கொண்டாந்துச்சு."

எழுதினேன்.
காற்று எந்த நாட்டு உறுப்பினர் என்று கேட்க
அந்தப் பெட்டியில் இடம் இருந்தது,
கேட்கவில்லை.
நன்றி, உங்கள் கருத்து பதிவானது, என்று
உடனே வந்தது ஒரு வரி.

வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
நானூறு மூட்டை.
இறக்குவதற்கு ஓட்டெடுப்பு இல்லை.
ஒச்சம்மா முந்தானையை இடுப்பில் செருகி
முதல் மூட்டைக்குத் தோள் கொடுக்கிறாள்.