ஓரங்கள்

இதற்கு இங்கே கோடீஸ்வர ரொட்டி என்று பெயர்.
ஸ்ட்ரோம்னஸில் கோடீஸ்வரர் எவரையும்
நான் பார்த்ததில்லை, தோரா.
துறைமுக அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்,
இருந்தால் தெரிந்திருக்கும்.

வியாழன் மாலை நீ வருகிறாய்.
பதினெட்டு நாள் நடுக்கடலில்
காற்றாலை உச்சியில் கயிற்றில் தொங்கி
போல்ட் முடுக்கிய கை
இனிப்பாய் எதையாவது பிடிக்கட்டும் என்று
புதன் இரவே மாவைச் சலித்தேன்.

வெண்ணெய் கல்லாய் இருந்தது.
கக்கத்தில் வைத்துக்கொண்டேன்,
காகிதத்தோடுதான்,
முகம் சுளிக்காதே.
விரல்நுனியில் உதிர்த்து உதிர்த்து
ஈர மணல்போல் வந்ததும்
தட்டில் அழுத்தி முள்கரண்டியால் குத்தினேன்.
முதல் நான்கு வரிசை சிப்பாய்கள்,
பிறகு சந்தைக் கூட்டம்.

அது வேகட்டும். அடுத்தது பாகு.
வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை,
டப்பாவை விட்டு மனமில்லாமல் இறங்கும் கெட்டிப்பால்.
கிண்டுவதை நிறுத்தக் கூடாது.
நிறுத்தினேன்.
உன் அழைப்பு.

அலை மூன்று மீட்டர், படகு வராது,
சனி, இல்லாவிட்டால் ஞாயிறு என்றாய்.
உனக்குப் பின்னால் யாரோ
மேசைப்பந்து ஆடும் சத்தம்,
டக், டக், ஒரு சிரிப்பு, டக்.
சரி என்றேன்.
என்ன செய்கிறாய் என்றாய்.
ஒன்றுமில்லை என்றேன்.
அந்த ஒன்றுமில்லை
அடிப்பிடித்தது.

கரண்டியால் சுரண்டச் சுரண்டக்
கறுப்புச் செதில்கள் மேலே வந்தன.
கீழ்வீட்டு ஹார்கஸின் கதவைத் தட்டும்போது
மணி பதினொன்று.
பைஜாமா காற்றில் படபடக்க
கெட்டிப்பால் டப்பாவை நீட்டினார்,
திரும்பத் தர வேண்டாம்,
இரண்டு துண்டு தந்தால் போதும் என்று.

யாருக்காக இரண்டாம் முறை?
கேட்டுக்கொள்ளவில்லை.
போனை ரொட்டிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டுக்
கிண்டினேன்.
தோள் கழன்றது.
குமிழி ஒன்று வெடித்து
மணிக்கட்டில் உட்கார்ந்தது.
கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கரைந்தது.
இன்னொன்று, நூலாய் நீண்டது.
அடுத்தது
விரலுக்குள் உருண்டது.

சாக்லேட் வெந்நீரின் ஆவியில்
தானாக உருகும்.
அதற்கு அவசரமில்லை.
இனி எனக்கும் என்ன அவசரம்?
ஊற்றித் தட்டைச் சாய்த்துச் சாய்த்து
மூலை வரை ஓடவிட்டேன்.
ஜன்னலை உலுக்கியது காற்று.
உனக்குச் சம்பளம் தருவதும் அது,
உன்னைப் பிடித்து வைத்திருப்பதும் அது.
திட்டுவதா, கும்பிடுவதா?
ஜன்னலுக்குத் துணி திணித்தேன்.

காலையில் வெட்டினேன்.
ஆறிய கத்தி பட்டால் மேலே விரிசல்,
நடுவே பாகு பிதுங்கும்;
ஒரு துண்டு கெட்ட பிறகு
வெந்நீரில் முக்க நினைவு வந்தது.
நான்கு ஓரங்களையும் நீளமாய் நறுக்கி
உன் டப்பாவில் அடுக்கினேன்.
பாகு இறுகி, மாவு கூடுதலாய்ச் சிவந்து
கடுக்கென்று இருக்கும் அவைதான் உனக்கு.
நடுத்துண்டு
பல்லுக்கு வேலை தராது என்பாய்.

நடுவெல்லாம் ஊருக்குப் போனது.
ஹார்கஸுக்கு இரண்டு,
பேருந்து ஓட்டும் ஷோனாவுக்கு ஒன்று,
அலுவலகத்தில் நான்கு.
சனியும் படகு வரவில்லை.
அன்றிரவு விளக்கைப் போடாமல்
நின்றபடியே ஐந்து,
எனக்கு.

ஞாயிறு நீ வந்தாய்,
காதுமடல் வரை உப்பு.
டப்பாவைத் திறந்தாய்.
நடுத்துண்டு எங்கே என்றாய்.

வாயைத் திறந்து காட்டினாய்:
கீழ்க்கடைவாய்ப் பல் பாதி இல்லை,
செவ்வாய்க்கிழமை உடைந்ததாம்,
போனில் சொல்லவில்லை.
என்ன ஆச்சு என்றேன்.
ஒன்றுமில்லை.

தேநீரில் ஓரத்தை முக்கி
ஊறும்வரை பிடித்திருந்தாய்.
சாக்லேட் கரைந்து உன் கட்டைவிரலில் இறங்க
என் மணிக்கட்டைத் திருப்பி
இதென்ன கொப்புளம் என்றாய்.
நானும் அதையே சொன்னேன்.