எட்டாவது வீடு

வெண்டல் ஹூபர் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவான்,
லேமினேட் செய்த ஆட்டத் தாளால்.
எதிரணியில் எவனோ உதடு படிக்கிறானாம்.
வீட்டிலும் அதே பழக்கம்,
வாடகைப் பேச்சு வந்தால் கை தானாக மேலே போகும்.

ஐயோவாவில் கல்லூரி குவார்ட்டர்பேக்காக
அறுபது கெஜம் எறிந்த தோள் அது.
இப்போது சீரியல் டப்பாவை மேல்தட்டில் வைக்க
லொரெட்டாவைக் கூப்பிடுகிறது.

கான்சாஸில் மூன்று வருடம்.
இடாஹோவில் ஒரே சீசன்,
அங்கே வாங்கிய பனிக்காலணியில் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.
டோலிடோவில் ஒன்றரை.
ராத்திரி இரண்டு மணிக்கு, மடிக்கணினியில்,
யாரோ ஒரு தடுப்பாட்டக்காரனின் குதிகால்
எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாற்பது தடவை பார்ப்பான்.
மகளுக்குப் பல் விழுந்ததை வெள்ளிக்கிழமைதான் பார்த்தான்.

நேற்று நாலாவது முயற்சி, இரண்டு கெஜம் பாக்கி.
உதைத்திருக்கலாம்.
எறியச் சொன்னான்.
பந்து பையனின் கையை விட்ட கணம்
கோட்டுக்கு வெளியே இவன் மணிக்கட்டும் சுழன்றது.
எந்தக் கேமராவும் அதைப் பிடிக்கவில்லை.
பந்து வேறு சட்டைக்காரன் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு காலை எட்டரைக்கு அழைத்தார்கள்.
"நல்ல மனுஷன் நீ" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.
அந்த வாக்கியத்தின் மிச்சம்
அவனுக்கு மனப்பாடம்.

லொரெட்டா அழவில்லை.
கராஜில், 'சமையலறை, டோலிடோ' என்று எழுதிய பெட்டி
இங்கே வந்தும் பிரிக்காமலே கிடக்கிறது.
டோலிடோவை அடித்துவிட்டு
மூடி திறந்த பேனாவோடு நிற்கிறாள்:

"சீக்கிரம் ஒரு ஊர் பேரைச் சொல்லு,
மை காயுது."