முதல் எழுத்து

பகல் இரண்டு மணி, வலென்சியா.
இந்த ஊரில் வெடியை
வெளிச்சத்துக்காக வைப்பதில்லை.
சத்தத்துக்கு மட்டும்.
மார்ச் பிறந்தால் பத்தொன்பது நாள்,
தினமும் ஐந்தாறு நிமிடம்.
சதுக்கத்தின் கம்பி வேலிக்குள்
கயிற்றில் கோத்த காகிதப் பொட்டலங்கள்
துணி உலர்த்தியது போலத் தொங்கும்.

வாயைத் திறந்து வைத்துக்கொள், செவிப்பறைக்கு நல்லது
என்பார்கள் பழகியவர்கள்.
ஊரே வாய் பிளந்து நிற்கும்,
பல் டாக்டர் வரப்போவது போல.

ரெமேயும் நின்றாள். பக்கத்தில் பெர்னாத்.
முதலில் வெடிகளை எண்ண முடிந்தது.
பிறகு எண் போய்த் தாளமானது.
கடைசி நிமிடம் காதுக்கு வரவில்லை,
தரையிலிருந்து முழங்காலில் ஏறி
விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டியது.

புகை நகர்ந்தது.
கம்பளிக்குள் யாரோ கை தட்டினார்கள்.
அப்போதுதான் பெர்னாத் குனிந்து
மூன்றே அசையில் ஏதோ சொன்னான்.

ஓ. எ. ஆ.

உயிர் வந்து சேர்ந்தது.
மெய் வழியில் விழுந்துவிட்டது.

அவள் சிரித்தாள். தலையசைத்தாள்.
அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு
ஆரஞ்சுத் தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டிராம் பக்கம் நடந்தான்.

பட்டாணி அளவு எலும்பு,
நத்தை போல் இரண்டரைச் சுற்று.
உள்ளே உப்புநீர், நீருக்குள்
வரிசை வரிசையாய் மயிரிழைகள்.
ஆழத்தில் இருப்பவை உறுமலுக்கு,
வாசலருகில் நிற்பவை கீச்சுக்கு.
எவன் நுழைந்தாலும் மிதிபடுவது வாசல்தான்.
சாகவில்லை அவை.
படுத்துவிட்டன.

மூன்றரைக்கு மானிஸெஸ், ஓட்டுத் தொழிற்சாலை.
பூ வரைந்த ஓடுகளைத் தட்டிப் பார்ப்பது அவள் வேலை.
நல்லது ணிங் என்னும். விரிசல் டொக் என்னும்.
டொக். டொக். டொக்.
நாற்பத்தோரு ஓடுகளை ஒதுக்கிய பிறகு
மேற்பார்வைக்கு வந்த கொன்சோல்
ஒன்றை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்,
இன்னொன்றைப் பிடித்துப் பார்த்தாள்,
உதடு அசைந்தது, பிறகு
ஓட்டின் பின்பக்கம் சுண்ணக்கட்டியால் எழுதினாள்:
வீட்டுக்குப் போ.

இரவு முழுக்க
யாரும் ஊதாத ஒரு விசில்
தலையணைக்கும் காதுக்கும் நடுவே.
ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது, அது எப்போதும் கேட்டது.
ஒன்றரைக்குக் குழாய் சொட்டுவது வந்தது.
விடியலில் பக்கத்து வீட்டுச் சாவிக்கொத்து,
பிறகு தன் கரண்டி தன் கண்ணாடித் தம்ளரில்.
ஆறே நாள் வயதான ஒலி போல
அதை மூன்று முறை இடித்துப் பார்த்தாள்.

எல்லாம் திரும்பியது என்றுதான் சோதனைத் தாளும் சொல்லும்.
பிடி விட்ட நரம்பு நுனிகளில் சில
திரும்பப் பிடிப்பதில்லை.
அது தாளில் தெரியாது. கூட்டத்தில் தெரியும்,
ஒரு குரலைத் தேடும்போது.

காலையில் நாற்பத்தொன்றையும் மறுபடி தட்டினாள்.
முப்பத்தொன்பது ணிங்.
இரண்டு நிஜமாகவே டொக்.
கொன்சோல் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

ஜோ மென் வாச்: நான் போகிறேன்.
நோ மென் வாச்: நான் போகவில்லை.
அவர்கள் மொழியில் அவ்வளவுதான் வித்தியாசம்,
முன்னால் நிற்கும் ஒரு மெய்.
ரோட்டர்டாம் துறைமுகத்தின் கடிதம்
இரண்டு வாரமாக அவன் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது.
அவள் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்,
தட்டிப் பார்ப்பது போல.
எதற்குத் தலையசைத்தேன்?
அதற்கு என்றால், போ என்றேன்.
இதற்கு என்றால், இரு என்றேன்.
ஒரே தலை. ஒரே அசைவு.

மதிய இடைவேளையில் போன் செய்தாள்.
"நேற்றுச் சொன்னாயே,
அதில் முதல் எழுத்து.
அதை மட்டும் மறுபடி சொல்."

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஒன்று கடந்தது.
ஒரு கதவு மூடியது.
பிறகு மிக மெல்ல, நேற்றென்றால் கேட்டிருக்காத அளவுக்கு,
ஒட்டியிருந்த உதடுகள் பிரிந்து
அவன் வாய் திறப்பது
கேட்டது.